நம் படகுகளில் வந்து போன கருவிகள் – ஒரு வரலாற்றுப் பார்வை



இவ்விழாவையொட்டிப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு சிறு கண்காட்சி அமைப்பதென்று விழாக்குழுவில் தீர்மானமானபோது, வீடுகளில் கிடக்கும் பழைய தொழிற்சாமான்களைத் தந்துதவுமாறு அறிவிப்புச் செய்தோம். கட்டுமரத்தின் மரங்கள், துடுப்புகள், பருத்தி நூல் வலை, ஆழம் பார்க்கும் ஈயக்குண்டு, தும்புக் கயிறு என்று நாம் எதிர்பார்த்தவை எல்லாம் வந்து சேர்ந்தன. நாம் எதிர்பாராத ஒன்றும் வந்தது. அது மூன்று சாக்கு நிறைய இரும்புப் பெட்டிகளும் பிளாஸ்டிக் பெட்டிகளும். எக்கோ, வயர்லெஸ், ஜி.பி.எஸ். என்று நாம் பெயர் சொல்லி, கடன் வாங்கி, கழுத்து நகையை அடகு வைத்து வாங்கிய கருவிகள் அவை. திரை கறுத்துப் போனவை, பொத்தான் உள்ளே விழுந்தவை, கம்பி அறுந்தவை. அவற்றுள் மிகப் பழையதற்குக்கூட முப்பது வயதுக்குமேல் இராது. பக்கத்தில் கிடந்த கட்டுமர மரங்களைக் காட்டி, “இதை இப்பக் கட்டினாலும் மிதக்கும் மக்களே” என்று பெரியவர் ஒருவர் அடித்துச் சொன்னார். சாக்கில் இருந்தவற்றைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இம்மலரின் பிற பக்கங்களில் கோவில் கட்டிய வரலாறும், பள்ளிக்கூடத்தின் வரலாறும், முன்னோர் பட்ட பிரயாசையும் விரிவாக வந்துள்ளன. இந்தச் சாக்குகளுக்கும் ஒரு வரலாறு உண்டென்றும், அதை எழுதி வைக்காவிட்டால் நம் பிள்ளைகளுக்கு நட்டம் என்றும் நமக்குப் பட்டதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

பெட்டிகள் வருமுன் இருந்ததை முதலில் சொல்ல வேண்டும். கடலில் மீன் எல்லா இடத்திலும் இராது. பாரும் மடையும் உள்ள இடத்தில்தான் இருக்கும் என்பது நம்மில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்தப் பாரை மறுநாள் மீண்டும் கண்டுபிடிப்பதுதான் தொழிலின் உயிர். நம் பாட்டன்மார் கரையிலுள்ள இரண்டு பொருளை ஒரே நேராகப் பார்த்து ஒரு கோடு பிடிப்பார்கள். வேறு திசையில் இன்னும் இரண்டு பொருளைச் சேர்த்து இன்னொரு கோடு பிடிப்பார்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் பார். கோவில் கோபுரமும் அதன் பின்னே நிற்கும் மலையுச்சியும் ஒரு கோடு, பனங்கூட்டமும் பாறையும் மற்றொரு கோடு. அதன்பின் ஈயக்குண்டை இறக்கி எத்தனை பாகம் என்று அளந்து, குண்டில் ஒட்டி வந்த மண்ணைப் பார்த்து முடிவு செய்வார்கள். இதைத் தகப்பன் மகனுக்குக் கடலில் வைத்தே சொல்லிக் கொடுத்தான். பிறர் காதில் விழச் சொல்வதில்லை. கோபுரத்துக்குப் பேட்டரி வேண்டியதில்லை. ஆனால் மூடாக்கான நாளில் அது தெரியாது. கரை மறைந்துபோன ஆழ்கடலில் எந்த நாளிலும் தெரியாது. நாம் தூரம் போகத் தொடங்கியதும் பெட்டி தேவையானது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் வந்தது எக்கோ. படகின் அடியிலிருந்து ஒலியை இறக்கி, அது அடித்தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து ஆழத்தைச் சொல்லும் கருவி. கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் போகும். ஆகவே 75 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆழத்தைச் சொல்ல வந்த அக்கருவி நடுவில் நிற்கும் மீன்கூட்டத்தையும் காட்டுவதைக் கண்டு, ஜப்பானில் நாகசாகிப் பக்கத்து புருனோ சகோதரர்கள் 1948இல் அதை மீன் தேடும் கருவியாகவே செய்து விற்றார்கள். நம் விசைப்படகுகளில் முதன்முதல் ஏறிய எக்கோவில் திரை கிடையாது. காகிதச் சுருள் ஒன்று மெல்ல நகரும். ஊசியொன்று அதன்மேல் ஓடி மின்பொறியால் காகிதத்தைச் சுட்டுக் கரிக்கோடு இழுக்கும். அந்தத் தீய்ந்த வாடையை மறக்காதவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். மேடும் பள்ளமுமாய்க் கிடந்த அந்தக் காகிதங்களைச் சிலர் கிழித்துச் சுருட்டி, ஓரத்தில் பென்சிலால் குறித்து, வீட்டு மச்சில் பத்திரமாக வைத்தார்கள். கண்காட்சிக்கு அப்படியொரு சுருள் வந்திருக்கிறது, இன்றும் வாசிக்கலாம்.

பின்னர் காகிதம் போய்க் கண்ணாடிக் குழாய்த் திரை வந்தது, நிறம் வந்தது, அதுவும் போய்த் தட்டைத் திரை வந்தது. ஒவ்வொரு முறையும் பழையது கெட்டதனால் மட்டும் அது கைவிடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த காகித எக்கோக்கள் சுருள் கிடைக்காமல் நின்றன. குழாய்த் திரை மங்கியபோது மாற்றுக் குழாய் கிடைக்கவில்லை. புதுப் பெட்டியை வாங்கி வந்தால், படகின் அடியில் பொருத்தியிருந்த பழைய ஒலித்தட்டு அதற்குப் பொருந்தாது. அதிர்வெண் வேறு, கம்பி முனையின் வடிவம் வேறு. ஆகவே பெட்டி மாற்றப் போனவன் படகையே கரையேற்றி அடிப்பலகையில் புதுத் துளை போட நேர்ந்தது. பெட்டியின் விலையை மட்டும் கணக்கிட்டுக் கடன் வாங்கியவர்கள் இதனால் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

இனி இடம் சொல்லும் கருவியின் கதைக்கு வருவோம். இதில் நமக்கு முன்பே அடிபட்டவர்கள் வேறு நாட்டு மீனவர்கள். அவர்கள் கதையைச் சற்று விரிவாகச் சொல்வது பயனுள்ளது. நமக்கு நேர்ந்ததன் முகம் அதில் தெளிவாகத் தெரியும்.

நம் வீடுகளில் ஒரு காலத்தில் பாட்டுப் பெட்டி இருந்த நாளில், டெக்கா என்ற பெயர் பொறித்த இசைத்தட்டுகளைப் பார்த்திருப்போம். அதே இங்கிலாந்து இசைத்தட்டுக் கம்பெனிதான் உலகப்போரின்போது கப்பல்களுக்கு இடம் சொல்லும் வானொலி முறையொன்றை உருவாக்கியது. ஓபிரையன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் யோசனை அது. கரையில் ஒரு தலைமை நிலையமும் அதைச் சுற்றித் துணை நிலையங்களும் இடைவிடாமல் அலையை அனுப்பிக்கொண்டிருக்கும். படகிலுள்ள பெட்டி அந்த அலைகள் ஒன்றோடொன்று எவ்வளவு முன்பின்னாக வந்து சேருகின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சிவப்பு, பச்சை, ஊதா என்ற மூன்று முட்களில் எண்ணாகக் காட்டும். 1944 ஜூன் 6ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது, கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் வழி பிடித்துச் சென்றது இம்முறையால்தான். போர் முடிந்து 1946இல் அது பொதுவுக்கு வந்தது.

வடகடல் மீனவருக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது. அக்கடலின் அடித்தரையில் இரண்டு உலகப்போரிலும் மூழ்கிய கப்பல்கள் ஏராளம். அவற்றில் மாட்டினால் இழுவலை கிழிந்து போகும். ஆனால் மீன் அடைவதும் அவற்றின் ஓரத்தில்தான். ஆகவே கிழியாமல் எவ்வளவு அருகே வலையை இழுக்கலாம் என்பதே அவர்கள் கெட்டிக்காரத்தனம். டெக்காவின் எண்கள் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பச் சரியாகக் காட்டக் கூடியவை. ஆதலால் ஒவ்வொரு டிரைவரும் தன் நோட்டில் நிறமும் எண்ணுமாகக் குறித்து வைத்தான். சிவப்பில் இத்தனை, பச்சையில் இத்தனை, அங்கே ஒரு கப்பல். தகப்பன் நோட்டு மகனுக்குப் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், நீண்ட காலம் அந்தப் பெட்டியை விலைக்குக் கொடுக்கவே மாட்டார்கள். வருடாவருடம் வாடகை கட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு அமெரிக்காவின் செயற்கைக்கோள் முறையான ஜி.பி.எஸ். வந்தது. 2000 மார்ச் இறுதியில் இங்கிலாந்தின் டெக்கா நிலையங்கள் அணைக்கப்பட்டன. அன்றுவரை பழுதின்றி ஓடிய பெட்டிகள் யாவும் ஒரே இரவில் வெறும் பெட்டிகளாயின. பெட்டி போனதுகூடப் பெரிதல்ல. நோட்டில் இருந்த எண்கள் ஊமையாகிவிட்டன. சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை என்றால் ஜி.பி.எஸ்ஸுக்கு ஒன்றும் விளங்காது. கணக்குப் போட்டு மாற்றலாம். ஆனால் நிலத்தின்மேல் அலை போகும் வேகம் இடத்துக்கு இடம் மாறுவதால் கணக்கு கொஞ்சம் தப்பும். அடியில் கிடக்கும் கப்பலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தப்பினாலும் வலை போயிற்று. முன்யோசனை உள்ளவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சில வருடம் இரண்டு பெட்டியையும் படகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்துக்கும் நேரில் போய், பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண்ணை எழுதிக்கொண்டார்கள். அப்படிச் செய்யாதவர்களுடைய நோட்டின் பயன் பெரும்பாலும் போயிற்று.

அமெரிக்காவில் இது இன்னும் கொடுமை. அங்கே போர்க்காலத்தில் பிறந்த லோரான் என்ற முறை இருந்தது. அதன் முதல் வகை 1980 இறுதியில் நிறுத்தப்பட்டது. மீனவர்கள் தங்கள் எண்களை லோரான்-சி என்ற அடுத்த வகைக்கு மாற்றினார்கள். அதுவும் 2010 பிப்ரவரி 8ஆம் நாள் நிறுத்தப்பட்டது. ஒரே மனிதன் தன் ஆயுளில் மூன்று மொழியில் ஒரே கடலை எழுத வேண்டி வந்தது. கப்பல்களுக்கென இருந்த டிரான்சிட் என்ற செயற்கைக்கோள் முறை 1996 இறுதியிலும், உலகம் முழுவதற்கும் எட்டு நிலையங்கள் வைத்து நடத்திய ஒமேகா 1997 செப்டம்பர் 30லும் முடிந்தன. அவற்றைப் பற்றி நமக்கு அதிகம் வேண்டியதில்லை.

நம் கடற்கரைக்கு வருவோம். நம் படகுகள் டெக்காவையும் லோரானையும் பார்க்காமலே நேராக ஜி.பி.எஸ்ஸில் ஏறியவை. 1983 செப்டம்பர் 1ஆம் நாள் கொரிய நாட்டுப் பயணிகள் விமானம் வழிதவறி சோவியத் எல்லைக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன்பின், இராணுவத்துக்கென அமைக்கப்பட்டு வந்த இம்முறையைப் பொதுமக்களும் உபயோகிக்கலாம் என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். அது முழு அளவில் இயங்கத் தொடங்கியது 1995இல். அந்தத் தொண்ணூறுகளின் பின்பகுதியில்தான் கையடக்கப் பெட்டிகள் நம் ஆழ்கடல் படகுகளுக்கு வரத் தொடங்கின. முதலில் வாங்கியவரைப் பார்த்துச் சிரித்தவர்கள், மறுவருடம் அவர் படகின் பின்னாலேயே போனார்கள். நாம் அப்போது ‘பாயிண்ட்’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டோம். பொத்தானை அமுக்கினால் பாரின் இடம் பெட்டிக்குள் பதிந்துவிடும். கோபுரமும் மலையும் பார்க்க வேண்டியதில்லை, மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

இதில் நாம் அறியாமல் போன செய்திகள் சில உண்டு. 2000 மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசாங்கம் பொதுமக்களுக்குரிய அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது. இடம் 100 மீட்டர் வரை தப்பிக் காட்டும். ஆகவே அதற்கு முன் பதிந்த பாயிண்டுகள் இன்றைய பெட்டியில் போட்டால் பாரைவிட்டு விலகி நிற்பதில் ஆச்சரியமில்லை. “பாட்டா குறித்தது தப்பு” என்று பேரன்மார் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். பாட்டா குறித்தது தப்பல்ல. பாட்டாவுக்கு வந்த அலை தப்பு.

எழுதும் முறையிலும் ஒரு பொறி உண்டு. பெட்டி 52.50 நிமிடம் என்று காட்டினால் அது ஐம்பத்திரண்டரை நிமிடம். அதைச் சிலர் நோட்டில் 52, 50 என்று எழுதினார்கள். அடுத்து வாங்கிய பெட்டி நிமிடம், வினாடி என்று கேட்டது. 52 நிமிடம் 50 வினாடி என்று போட்டார்கள். வித்தியாசம் 20 வினாடிதான். ஆனால் வடக்குத் தெற்காக ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல். ஆகவே இருபது வினாடி என்பது ஏறத்தாழ 600 மீட்டர். வெறும் மணலில் தூண்டிலை இறக்கிவிட்டுக் கடலில் மீன் இல்லை என்று சொல்லித் திரும்பியவர்கள் உண்டு. மீன் போனால் போகட்டும். மூழ்கும் படகிலிருந்து வயர்லெஸில் அந்த எண்ணைச் சொன்னால் என்னாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய நட்டம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அந்நாளையப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே, படகின் பேட்டரியோடு சேராமல், பொத்தான் அளவில் ஒரு சிறு லித்தியம் மின்கலம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. பாயிண்டுகளை ஞாபகம் வைத்திருந்தது அதுதான். அதன் ஆயுள் சில வருடங்கள், மிஞ்சினால் பத்து வருடம். அது தீர்ந்த நாளில் திரை நன்றாகவே எரியும், இடமும் சரியாகக் காட்டும். பாயிண்டு மட்டும் ஒன்றுகூட இராது. நம் ஊரில் ஒரு குடும்பத்தில் தகப்பனார் இருபது வருடம் கடலில் தேடிச் சேர்த்த இடங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தன. அவர் காலமான பின் மழைக்காலம் முழுவதும் பெட்டி அலமாரியில் இருந்தது. மகன் தொழிலுக்கு இறங்கிய அன்று திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. நோட்டில் எழுதவில்லையா என்று கேட்டோம். “பெட்டியில இருக்குல்லா என்று அப்பா எழுதவே இல்லை” என்றார். கோபுரமும் மலையும் வைத்து அந்த இடங்களைச் சொல்லக்கூடிய தலைமுறையும் அதற்குள் போய்விட்டது. அந்த மகன் இன்று பிறர் படகில் கூலிக்குப் போகிறார். அந்தப் பெட்டியும் சாக்கில் வந்திருக்கிறது.

பெட்டிகள் இவ்வளவு விரைவில் சாவதேன் என்று கேட்பவர்களுக்கு, கருவி பழுது பார்க்கும் நம் பிள்ளைகளிடம் விசாரித்தறிந்ததைச் சொல்கிறோம். உப்புக்காற்று கம்பி முனைகளில் ஏறிப் பச்சைக் களிம்பாய்ப் பிடிக்கிறது. பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டி காற்றை உறிஞ்சி உள்ளேயே வியர்க்கிறது. எஞ்சின் நடுக்கத்தில் ஈயப்பற்று விரிகிறது. எஞ்சினைக் கிளப்பும்போது மின்னழுத்தம் தாழ்ந்து, பிறகு சட்டென்று எகிறுகிறது. ஆகவே எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே பெட்டியைப் போட வேண்டும் என்கிறார்கள். வெயில் திரையைத் தின்கிறது. இதெல்லாம் கடலின் குற்றம். இன்னொரு பாதி செய்கிறவர்களுடையது. பெட்டிக்குள் இருக்கும் சில்லுகள் கைபேசிக்கும் தொலைக்காட்சிக்கும் செய்யப்படும் வகையைச் சேர்ந்தவை. சில வருடத்தில் அந்தச் சில்லையே யாரும் செய்வதில்லை. ஒழுங்காகப் பராமரித்த மரப்படகு இருபது, இருபத்தைந்து வருடம் உழைக்கும். அதன் ஆயுளுக்குள் மூன்று, நான்கு தலைமுறைக் கருவிகள் ஏறி இறங்குகின்றன. பலகை போனால் ஆசாரி மாற்றிக் கொடுப்பார். சில்லு போனால் ஊரில் யாரும் மாற்றித் தர முடியாது.

நாள் கணக்கிலும் ஒரு கோளாறு உண்டு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் வாரங்களை எண்ணி அனுப்பும் எண் 1023க்கு மேல் போகாது. 1024ஆம் வாரம் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். அதாவது இருபது வருடத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு சுற்று. 1999 ஆகஸ்டு 21 நள்ளிரவிலும் 2019 ஏப்ரல் 6 நள்ளிரவிலும் அது திரும்பிற்று. பழைய பெட்டிகள் சில தேதியை மட்டும் தப்பாகக் காட்டின; சில இடமே காட்டாமல் நின்றன. தேதி தப்பினால் இடம் தப்பாது என்பதால் நம் ஆட்கள் பெரிதுபடுத்தவில்லை.

பெரிதுபடுத்த வேண்டியது வேறொன்று. மீன் பிடிக்கும் கருவி நின்றால் ஒரு நாள் பாடு போகும். ஆபத்தில் கூப்பிடும் கருவி நின்றால் ஆள் போகும். 1982இல் விண்ணேறிய முதல் செயற்கைக்கோளிலிருந்து உலக நாடுகள் கூட்டாக நடத்தும் மீட்பு ஏற்பாடு ஒன்று உண்டு. நம் நாட்டில் பெங்களூரிலும் லக்னோவிலும் அதன் நிலையங்கள் உள்ளன. ஆரம்பத்தில் அது 121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற அலையில் வரும் அபயக்குரலைக் கேட்டது. பொய்க்குரல்கள் மிகுந்ததால், 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டன. 406 மெகாஹெர்ட்ஸ் மட்டும் கேட்கப்படுகிறது. அன்றைக்குப் பிறகும் பழைய கருவி பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிந்துதான் காட்டும், அலையும் போகும். வானில் கேட்க ஆளில்லை. இதைவிடக் கொடிய செயலிழப்பு எதுவும் நமக்குத் தெரியவில்லை.

2017 நவம்பர் 30ஐ நம் கடற்கரை மறக்காது. ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்துப் படகுகள் பல நாள் தங்கலில் வெகுதூரம் போயிருந்தன. அவர்களிடம் கருவி இல்லாமல் இல்லை. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை ஜி.பி.எஸ். சில மீட்டர் சுத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பிறருக்குச் சொல்லத்தான் வழியில்லை. படகு வயர்லெஸ் கரையோடு பேசுவது 20, 25 கடல் மைல் வரைதான்; அதற்கப்பால் படகுக்குப் படகு கைமாற்றித்தான் செய்தி போக வேண்டும். இஸ்ரோ நிறுவனமும் கடலோரக் காவல்படையும் சேர்ந்து 2010 முதல் அமைத்திருந்த அபாய அறிவிப்புக் கருவி, நம்மவர் சுருக்கமாக ‘டாட்’ என்பது, எல்லாப் படகிலும் இல்லை. இருந்தாலும் அது ஒருவழிக் கருவி. செய்தி போய்ச் சேர்ந்ததா என்று கடலில் இருப்பவனுக்குத் தெரியாது. திரும்பாதவர்களின் பெயர்களை இங்கே எழுத வேண்டியதில்லை. அவை நம் கல்லறைத் தோட்டத்தில் உள்ளன.

அதன்பின் கருவிகள் மழையாய் வந்தன. 2019 அக்டோபரில் ஜெமினி என்ற பெட்டி வந்தது. புயல் எச்சரிக்கையைக் கைபேசியில் காட்டும், ஆனால் நாம் பதில் சொல்ல முடியாது. நம் நாட்டின் சொந்த இடங்காட்டி முறையான நாவிக் வழியே செய்தி வாங்கும் பெட்டிகள் வந்தன. அபயச் செய்தி கிடைத்தது என்று படகுக்கே பதில் அனுப்பும் இரண்டாம் தலைமுறை டாட் பற்றிய அறிவிப்பு 2024 ஜனவரியில் வந்தது. அதே வருடம் ஆகஸ்டு 30ஆம் நாள், 364 கோடி ரூபாய் செலவில் ஒரு இலட்சம் படகுகளுக்கு இருவழிச் செய்திக் கருவி பொருத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. எல்லாம் நல்லதே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டரி, ஒரு கம்பி, ஒரு தேதி உண்டென்பதை நாம் சொல்லாமல் விட முடியாது. வானத்தில் இருப்பதும் பெட்டிதானே. 2013 ஜூலை 1ஆம் நாள் ஏவப்பட்ட நாவிக் முறையின் முதற் செயற்கைக்கோளில் இருந்த மூன்று அணுக்கடிகாரங்களும் நான்கு வருடத்துக்குள் நின்றுபோயின. மாற்றாக 2017இல் அனுப்பியது கூட்டைவிட்டு வெளியே வராமல் வீணாயிற்று. அதற்கும் மாற்று 2018 ஏப்ரலில்தான் போய்ச் சேர்ந்தது. விஞ்ஞானிகளுக்கே இந்தப் பாடு.

ஜி.பி.எஸ். ஒன்றையே நம்பியிருப்பதன் ஆபத்தை இப்போது பெரிய நாடுகளும் உணர்ந்து வருகின்றன. 2016இல் வட கொரியா அலையைக் குழப்பியதால் தென் கொரியாவின் நூற்றுக்கணக்கான மீன்பிடிப் படகுகள் கரை திரும்பின. அதன் பயனாக அந்நாடு, உலகம் கைவிட்ட லோரானைப் புது உருவில் மீண்டும் அமைத்துப் பார்த்தது. பழைய நோட்டுகளை எரித்துவிடாத அமெரிக்க மீனவர் யாராவது இதைக் கேட்டுச் சிரித்திருக்கலாம்.

கண்காட்சிக்கு வந்த பெட்டிகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வாங்கிய வருடம், நின்ற வருடம், நின்ற காரணம் ஆகியவற்றை ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம். காரணம் என்ற இடத்தில் ‘உப்பு’ என்று எழுதியவையும், ‘சாமான் கிடைக்கவில்லை’ என்று எழுதியவையும் ஏறக்குறைய சரிபாதியாக இருப்பதைப் பார்ப்பவர்கள் காணலாம். மண்டபத்தின் வாசலில் ஒரு மேசையில் கோடு போட்ட நோட்டுகள் அடுக்கி வைத்துள்ளோம். பெட்டியில் இருக்கும் பாயிண்டுகளை, நிமிடமா வினாடியா என்பதையும், பதிந்த வருடத்தையும், முடிந்தால் கரையடையாளத்தையும் சேர்த்து எழுதி வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு எழுதித் தர நம் இளைஞர்கள் அங்கே இருப்பார்கள். யார் பாயிண்டையும் யாரும் பார்க்க மாட்டார்கள். நோட்டு அவரவர் கையிலேயே போகும். டாட் கருவி வைத்திருப்போர் அதையும் எடுத்து வந்தால் பேட்டரித் தேதியைப் பார்த்துச் சொல்வார்கள்.

சாக்கில் வந்த பெட்டிகளில் ஒன்றை மட்டும், கம்பியைச் சுரண்டி பேட்டரியோடு இணைத்துப் பார்த்தோம். வெகுநேரம் ஒன்றுமில்லை. நாம் மறந்து வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கையில் அது செயற்கைக்கோள்களைப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூட முற்றத்தின் இடத்தைச் சரியாகவே காட்டியது. தேதி மட்டும் ஏறத்தாழ இருபது வருடம் பின்தங்கி நின்றது. செய்தி கேட்டு வந்த அதன் சொந்தக்காரர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தேதியில் தாம் எந்தக் கடலில் இருந்தோம் என்று தமக்கு ஞாபகம் இருப்பதாகச் சொன்னார். கண்காட்சி முடிந்ததும் பெட்டியைத் திரும்பத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்; அப்படியே அட்டையில் குறித்து வைத்திருக்கிறோம்.